கை தெரிய வேண்டும்
வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் நடைபெறும் மின்னிசை நிகழ்ச்சிகளுக்கு வருவோர் அரை மணித்தியாலத்துக்குள் மேடையை விட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் பல. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி: கடற்கரை விடுதியொன்றில் நடந்த நிகழ்ச்சிக்கு அப்பாவுடன் சென்றிருந்தேன். மேடையில் ஒருவர் மடிக்கணினிக்குப் பின்னால் ஒரு மணித்தியாலம் நின்றார். இசை நன்றாகவே இருந்தது, விளக்குகளும் குறைவில்லை. ஆயினும் சிறிது நேரத்தில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்றாகிவிட்டது. "இந்தப் பிள்ளை வாசிக்குதா, போட்டுவிட்டிட்டு நிக்குதா?" என்று அப்பா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் அப்பா கேட்ட கேள்வியிலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. அவர் இசையைக் குறை சொல்லவில்லை. அந்த இசைக்கும் அங்கே நின்ற மனிதருக்கும் என்ன தொடர்பு என்பது கண்ணுக்குத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறார்.

பத்திரகாளி அம்பாள் கோயில் வீதியில் தவிற்சமா நடக்கும்போது, தாளக் கணக்கு ஒன்றும் அறியாத சிறுவர்கள்கூடப் பெரியவர்களின் கால்களுக்கிடையே நுழைந்து முன்னால் வந்து நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வித்துவானின் வலக்கை விரல்களில் கூடுகள். இடக்கையில் பூவரசங் கழி. கழி எவ்வளவு உயரம் ஓங்குகிறது என்பதைக் கொண்டே அடுத்த அடி எவ்வளவு வலுவாக விழும் என்று அந்தச் சிறுவன் ஊகித்துவிடுகிறான். ஊகித்தது நடந்தால் மகிழ்கிறான்; ஓங்கிய கழி இறங்காமல் அந்தரத்திலேயே நின்றுவிட்டால் வாய்விட்டுச் சிரிக்கிறான். அருகில் தாளம் போட்டுக்கொண்டு நிற்கும் பெரியவருக்கு இன்னும் ஒன்று தெரியும். வித்துவான் எந்த இடத்தில் வந்து விழவேண்டும் என்பது அவருடைய கையிலும் இருக்கிறது. வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானம் நெருங்க நெருங்க, தாளவட்டம் தொடங்கும் இடமான சமத்தைத் தவறவிட்டுவிடுவாரோ என்ற பதைப்பு வித்துவானைவிட அவருக்கே கூடுதலாக இருக்கும். அந்தப் பதைப்புத்தான் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்துகிறது.

மின்கருவிகளில் இது தானாக அமைவதில்லை. தவிலின் ஒலிக்கு வேண்டிய வலு அடிப்பவரின் தோளிலிருந்து வருகிறது. மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் கருவியான சிந்தசைசரின் ஒலிக்கு வேண்டிய வலு மின்சாரத்திலிருந்து வருகிறது. கை அதற்குக் கட்டளை மட்டுமே இடுகிறது. ஒரு குமிழை நகக்கண் அளவு திருப்பினால் கடற்கரையே அதிரலாம். பத்து விரல்களும் பரபரத்தும் ஒலியில் ஒரு மாற்றமும் கேளாதிருக்கலாம். மடிக்கணினி வந்தபின் இந்த இடைவெளி மேலும் அகன்றது. மேடையில் வாசிப்பதற்கென்றே பெர்லினில் உருவாக்கப்பட்டு 2001 ஆம் ஆண்டு வெளிவந்த ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருளை இன்று மிகப் பலர் பயன்படுத்துகின்றனர். அதில் ஓர் ஒலித்துண்டை இயக்கப் பொத்தானை அழுத்தினால், வழமையான அமைப்பில் அத்துண்டு உடனே ஒலிக்காது. அடுத்த தாளவட்டத்தின் தொடக்கம் வரும்வரை காத்திருந்து, பிசகாமல் அங்கே ஒலிக்கத் தொடங்கும். நிமிடத்துக்கு 120 அடிகள், வட்டத்துக்கு 4 அடிகள் என்றால் ஒரு வட்டம் 2 செக்கன். ஆகவே கை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடையே ஏறத்தாழ 2 செக்கன்வரை கழியக்கூடும். வாசிப்பவருக்கு இது பெரும் பாதுகாப்பு. அவர் எப்போது அழுத்தினாலும் பிழைக்காது. பார்ப்பவருக்கோ அழுத்தியது ஒரு நேரம், கேட்பது வேறொரு நேரம். நீங்கள் அன்று கண்டது பெரும்பாலும் இதுவாகவே இருக்கவேண்டும். அந்தப் பிள்ளை உண்மையாகவே வாசித்திருக்கலாம். வாசித்ததற்கான அடையாளம்தான் உங்களை வந்து சேரவில்லை.

மின்னிசை தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1920 ஆம் ஆண்டளவில் ரஷ்யாவில் லெவ் தெரமின் என்ற பௌதிகவியலாளர் உருவாக்கிய தெரமின் என்ற கருவியை எவரும் தொடுவதேயில்லை. செங்குத்தாக நிற்கும் கம்பியை வலக்கை நெருங்க நெருங்கச் சுருதி உயரும். வளையமான இன்னொரு கம்பியை இடக்கை நெருங்க நெருங்க ஒலி அடங்கும். உடல் சற்று அசைந்தாலே சுருதி கலைந்துவிடும் என்பதால், வாசிப்பவர் மூச்சையும் அளந்து விட்டுக்கொண்டு நிற்பார். வயலின் கலைஞராக இருந்து இக்கருவிக்கு மாறிய கிளாரா ரொக்மோர் வெற்றுவெளியில் விரல்களை மடித்தும் விரித்தும் சுரங்களைப் பிடிக்கும் காட்சியின் ஒளிப்பதிவு கிடைத்தால் உங்கள் அப்பாவுக்குக் காட்டுங்கள். போட்டுவிட்டு நிற்கிறாரா என்ற கேள்வி அவருக்கு எழவே எழாது. 1984 இல் மிசெல் வைஸ்விஸ் என்ற நெதர்லாந்துக் கலைஞர் இரு கைகளிலும் உணரிகளைப் பூட்டிக்கொண்டு, கைகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் அவற்றின் சாய்வையும் கொண்டே ஒலியை ஆண்டார். கணினிக்கு முன்னால் உடலை மீண்டும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. அந்தப் பிடிவாதம் எனக்கும் உண்டு.

எதிர்த் திசையிலும் சிலர் நேர்மையாகச் சென்றிருக்கிறார்கள். 1974 இல் பாரிஸில் பிரான்சுவா பேல் அமைத்த ஒலிபெருக்கி அரங்கில் மேடை முழுவதும் ஒலிபெருக்கிகளே நின்றன. அந்த மரபில் விளக்கைத் தணித்துவிட்டு, காதுக்கு மட்டும் விருந்து வைப்பார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் அங்கே எவரும் ஏமாறுவதில்லை. ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் 1970 இல் தொடங்கிய கிராஃப்ட்வேர்க் என்ற மின்னிசைக் குழுவினரோ அசையாமல் நிற்பதையே ஓர் அழகாக்கினர். சில வேளைகளில் தங்களுக்குப் பதிலாகப் பொம்மை ரோபோக்களை மேடையில் நிறுத்தினர். அதே குழுவினர் 1981 ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் கையடக்கமான சிறு கருவிகளுடன் மேடை விளிம்புக்கு வந்து, முன்வரிசையில் நின்றவர்களிடம் அவற்றை நீட்டி அழுத்தச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அழுத்தினால் ஒலிக்கிறது என்பதை ஒருவர் தம் விரலால் அறிந்துகொண்டபின், மேடையிலுள்ள மற்றக் கைகளையும் வேறு கண்ணோடு பார்ப்பார் அல்லவா?

இனி நான் நேரில் கண்ட ஒன்று. டச் பே கடற்கரையில் இளைஞர் சிலர் ஒழுங்கு செய்த சிறு நிகழ்ச்சி; மேடைகூட இல்லை, ஒரு மேசை மட்டும். ஒரு பெண்பிள்ளை, விரலால் தட்டி ஒலியெழுப்பும் 16 பேட்கள் கொண்ட பெட்டி ஒன்றை மடிக்கணினியோடு இணைத்திருந்தார். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவின் ஒரு துண்டு, வள்ளத்தின் இயந்திரம் உயிர்பெறும் ஒலி, துடுப்பு நீரில் விழும் ஒலி எல்லாவற்றையும் தாமே பதிந்து வந்து ஒவ்வொரு பேட்டிலும் வைத்திருந்தார். ஒவ்வொரு சுற்று முடிவிலும் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார், அவ்வளவு வியர்வை. ஒரு கட்டத்தில் துடுப்பின் ஒலியைத் தாளத்தில் அரை அடி முந்தி அடித்துவிட்டார். கூட்டத்தில் எல்லோருக்கும் அது தெரிந்தது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த சுற்றிலும் அதே பிழையான இடத்தில், வேண்டுமென்றே, இன்னும் வலுவாக அடித்தார். மூன்றாம் சுற்றில் அந்தப் பாட்டுக்கு அதுவே நடையாகிவிட்டது. என் அருகில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற வயதான மீனவர் ஒருவர், "பிள்ளை பிழைச்சதைப் பிடிச்சிட்டுது" என்றார். மின்னிசையைப் பற்றி அவர் அதற்கு முன் எண்ணியிருக்கவே மாட்டார். ஆனால் ஒரு முடிவு தம் கண்முன் எடுக்கப்பட்டதை அவர் கண்டார். அந்த இரவு எவரும் கடலைப் பார்க்கத் திரும்பவில்லை.

கிண்ணியாவிலிருந்து ஓர் இளைஞர்: என்னிடம் ஒரு மடிக்கணினியும், 16 பேட்களும் 8 குமிழ்களும் கொண்ட சிறு கருவியும் மட்டுமே உள்ளன. ஒரு மண்டபத்தில் 40 நிமிடம் வாசிக்க அழைத்திருக்கிறார்கள். விளக்குகளுக்குப் பணம் இல்லை. சனத்தை எப்படி இருத்தி வைப்பது?

தம்பி, விளக்குக்குப் பணம் இல்லாதது உங்களுக்கு வாய்த்த நல்ல காரியம். விளக்கு எதையும் பெரிதாக்கும், இல்லாததை உண்டாக்காது. இசை மாறாத இடத்தில் விளக்கு மட்டும் மாறிக்கொண்டிருந்தால், பார்ப்பவர் விளக்குக்காரரைத்தான் ரசித்துக்கொண்டிருக்கிறார்.

முதலில் மேசையைத் திருப்புங்கள். மடிக்கணினியின் மூடி உங்களுக்கும் சனத்துக்கும் இடையே மதிலாக நிற்கக்கூடாது. அதை ஒரு பக்கமாகத் தாழ வையுங்கள். பேட் கருவியின் பின்புறத்துக்கு ஒரு மரக்கட்டையை முண்டு கொடுத்து, அதன் முகம் மண்டபத்தைப் பார்க்கும்படி சாய்த்துவிட்டுப் பக்கவாட்டில் நின்று வாசியுங்கள். பத்து நிமிட வேலை. பாதிக் குறை இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது, கைக்கும் காதுக்கும் இடையிலுள்ள தாமதம். ஒலியைக் கணினி சிறு சிறு பொதிகளாகச் சேர்த்து வெளிவிடுகிறது. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்) என்ற வேகத்தில், பொதியின் அளவு 1024 மாதிரிகளாக இருந்தால் அதற்கு மட்டுமே 23 மில்லிசெக்கன் செல்லும். 128 ஆகக் குறைத்தால் 3 மில்லிசெக்கன்தான். மிகவும் குறைத்தால் பழைய கணினி திணறி ஒலி வெடிக்கும் என்பதால், மண்டபத்துக்குப் போகுமுன் வீட்டிலேயே முழு 40 நிமிடமும் வாசித்துப் பாருங்கள். மென்பொருள் அடுத்த தாளவட்டம்வரை காத்திருக்கும் என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்தக் காத்திருப்பைக் கையால் அடிக்கும் ஒலிகளுக்கு முற்றாக நிறுத்திவிடுங்கள். தாளம் பிழைக்கும். பிழைக்கட்டும்.

பேட்டை எவ்வளவு வலுவாக அடிக்கிறீர்கள் என்பதை, மின்னிசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி முறை 127 வரையான படிகளில் பதிகிறது. அடி எப்படி விழுந்தாலும் ஒரே சத்தமாக வரும்படி பலர் அதைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள்; கேட்டால், ஒலி சீராக இருக்கும் என்பார்கள். சீராக இருப்பது உண்மைதான். ஆனால் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ஒலி வந்தால், பார்ப்பவரின் கண் இரண்டு நிமிடத்தில் அந்தக் கையை நம்புவதை விட்டுவிடும். நம் ஊர்த் திருவிழா மேடைகளில் குச்சியால் அடிக்கும் மின்தாளக் கருவியான ஒக்டபேட்டை வாசிப்பவரைச் சுற்றியே சிறுவர்கள் நிற்பது ஏன் என்று எண்ணிப் பாருங்கள். குச்சி மேலே போவது தெரிகிறது. விழும் அடி அதற்கேற்ப ஒலிக்கிறது.

எல்லாவற்றையும் கையால் வாசிக்க முனையாதீர்கள். அடித்தாளத்தைக் கருவியே பார்த்துக்கொள்ளட்டும். இரண்டே விடயங்களை உங்கள் கையில் வைத்திருங்கள்; அந்த இரண்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லாமல் சொல்லிவிடுங்கள். எப்படியென்றால், முதல் ஐந்து நிமிடத்துக்கு வேறு எந்த ஒலியும் வேண்டாம். கிண்ணியாப் பாலத்தின் இணைப்பில் வாகனச் சக்கரம் ஏறி இறங்கும் ஒலியைக் கைத்தொலைபேசியில் பதிந்து ஒரு பேட்டில் வையுங்கள். அதை ஒரு முறை அடியுங்கள், காத்திருங்கள், மீண்டும் அடியுங்கள். தினமும் கேட்கும் அந்த ஒலியை மண்டபத்தில் உள்ளவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். பிறகு ஒரு குமிழைத் திருப்பி அதை மெல்ல மெல்ல ஆழமாக்குங்கள். இந்தப் பேட்டில் பாலம், இந்தக் குமிழில் ஆழம் என்பது அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டால், இருபது நிமிடம் கழித்துப் பத்து ஒலிகளுக்கு நடுவே நீங்கள் அந்தக் குமிழை நோக்கிக் கையை நீட்டும்போதே அவர்கள் நிமிர்ந்து அமர்வார்கள். தாளம் போடும் பெரியவருக்குச் சமம் எங்கே என்று தெரிந்திருப்பதைப் போன்றதுதான் இதுவும்.

நடிக்க மட்டும் வேண்டாம். ஒலியில் ஒன்றும் நடக்காத இடத்தில் கையை உயர்த்துவதும், தேவையில்லாமல் குமிழைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுழிப்பதும் சனத்துக்கு உடனே தெரிந்துவிடும். பாடசாலையிலோ சங்கத்திலோ படத்தைத் திரையில் காட்டும் எறிகருவி ஒன்று இரவலாகக் கிடைத்தால், கைத்தொலைபேசிக் கமராவை மேசைக்கு மேலே கட்டி உங்கள் கைகளைத் திரையில் காட்டுங்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டைச் சேர்ந்த மின்னிசைக் கலைஞர் ஜெஃப் மில்ஸ் 2004 இல் வெளியிட்ட ஒளிப்பதிவில் அவருடைய கைகளைக் காட்டுவதற்கென்றே கமராக்கள் இருந்தன. வேறெந்த அலங்காரமும் அதற்குத் தேவைப்படவில்லை. கமராவை எறிகருவியோடு கம்பி மூலமே இணையுங்கள். கம்பியில்லா இணைப்பில் படம் பிந்தி வரும். பிந்தி வரும் படம், படம் இல்லாததைவிட மோசம்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் குடும்பம் நாதஸ்வரம் வாசிக்கும் குடும்பம். முன்கூட்டியே பதிந்ததை ஒலிக்கவிட்டு அதன்மேல் வாசிப்பது சபையை ஏமாற்றுவதாகாதா?

ஆகாது, மறைக்காதவரை. ஒரு காலத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் ஒருவர் மூச்சை விடாமல் சுருதி கொடுத்துக்கொண்டிருந்தார். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் மின்சுருதிப் பெட்டி இருக்கிறது. அதை ஏமாற்று என்று எவரும் சொல்வதில்லை, ஏனெனில் அது மேடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது, ராகத்தை அது வாசிப்பதாக எவரும் பாவனை செய்வதுமில்லை. (ஒத்து ஊதியவர்களின் இழப்பு வேறு விடயம், அதற்காக நான் இன்றும் வருந்துகிறேன்.) பதிந்த பாட்டை முழுமையாக ஓடவிட்டு, கீபோர்டின் மேல் விரல்களை ஓட்டி வாசிப்பதாகக் காட்டுவதுதான் ஏமாற்று. நம் பகுதியில் ஒரு மேடையில் மின்சாரக் கம்பி கழன்றிருந்த கீபோர்டை ஒருவர் மூன்று பாட்டுகளுக்கு வாசித்ததை நான் கண்டேன். சபை கைதட்டியது. என்னால் தட்ட முடியவில்லை.

மூதூரிலிருந்து தகவல் தொழில்நுட்ப ஆசிரியை ஒருவர்: மேடையிலேயே கணினிக் கட்டளை எழுதி இசை வாசிக்கிறார்கள் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? அதைப் பார்க்கவும் முடியுமா?

உண்மை. 2004 இல் தொப்லாப் என்ற பெயரில் ஒன்றுகூடிய இத்தகைய கலைஞர்கள் தம் அறிக்கையில் வைத்த முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று, உங்கள் திரையை எங்களுக்குக் காட்டுங்கள் என்பது. வாசிப்பவரின் கணினித் திரை அப்படியே பெரிதாகச் சுவரில் எறியப்படும். அவர் ஓர் எண்ணை மாற்றுவதையும், ஒரு வரியை அழிப்பதையும், தட்டச்சில் தடுமாறுவதையும் சபை முழுவதும் பார்க்கும். 2012 முதல் இவ்வாறு எழுதப்படும் இசைக்கு மக்கள் நடனமாடும் இரவுகளும் அல்கோரேவ் என்ற பெயரில் நடந்து வருகின்றன. கட்டளை மொழி தெரியாதவருக்கு அதில் என்ன கிடைக்கும் என்று நீங்கள் ஐயுறலாம். 4 என்ற எண் 8 ஆகிறது. அடுத்த கணம் தாளம் இரட்டிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள மொழி தெரிய வேண்டியதில்லை. ஆயினும் ஒரு மணித்தியாலம் எழுத்துகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது கண்ணுக்குக் களைப்பு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருபது நிமிடம் போதும்.

உங்கள் மாணவர்களுக்கு சொனிக் பை என்ற இலவச மென்பொருள் பொருந்தும். சாம் ஆரன் என்பவர் பாடசாலை மாணவர்களையும் மனதிற்கொண்டே அதை உருவாக்கினார். கட்டளையில் எழுத்துப்பிழை இருந்தால் புதியது ஏற்கப்படாது. ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் ஒலி நிற்காமல் தொடரும். ஆகவே பிள்ளைகள் அஞ்சாமல் சபை முன் எழுதலாம். கலைவிழாவில் ஒரு மாணவி எழுதட்டும். இன்னொருவர் அருகில் நின்று, அவர் எந்த வரியைத் தொடப்போகிறார் என்பதை மட்டும் தமிழில் சொல்லட்டும். என்ன ஒலி வரும் என்பதைச் சொல்ல வேண்டாம்.

திருகோணமலை நகரிலிருந்து ஒரு வாசகர்: இத்தகைய நிகழ்ச்சியை மக்கெய்சர் மைதானத்தில் வைப்பது நல்லதா, டச் பே கடற்கரையிலா?

பெரிய மைதானம் வேண்டாம். நம் வெப்பநிலையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்கிறது. மேடை ஒலிபெருக்கியிலிருந்து 35 மீற்றர் தள்ளி நிற்பவருக்கு, கை விழுந்து பத்தில் ஒரு செக்கன் கழித்தே அடி கேட்கும். கையும் ஒலியும் அங்கேயே பிரிந்துவிடுகின்றன. டச் பேயில் உயர்ந்த மேடை போடாமல், கூத்துக்கு வட்டக்களரி அமைப்பதைப் போல மேசையை நடுவில் வைத்துச் சனத்தைச் சுற்றிவர மணலில் இருத்துங்கள். முதுகுப்பக்கம் இருப்பவர்களே திரையையும் கைகளையும் நன்றாகப் பார்ப்பார்கள் என்பதால், பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். மின்கம்பியை மட்டும் மணலுக்குள் புதைக்காமல் கழிகளில் உயர்த்திக் கட்டுங்கள். ஈர மணலும் கால்களும் சேரும் இடம் அது.